நான் வெட்டிக் கொடுத்த ஐம்பது வினாடி

பொய் கேட்பதுதான் என் உத்தியோகம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வராது. காலையில் கிள்ளானில் ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியில் இருக்கும் ஆபீஸில் உட்கார்ந்து, தடுப்பூசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிற தமிழ்க் குரல் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஊசி போட்டால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்று ஒரு குரல். பெண் பிள்ளைக்குப் போட்டால் பின்னாளில் கரு தங்காது என்று இன்னொரு குரல். பூண்டும் மஞ்சளும் இருக்கும்போது ஊசி எதற்கு என்று ஒரு பெரிய மனிதர் பதினோரு நிமிடம் மூச்சு விடாமல் பேசுவார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு, ஜன்னல் ஓரமாகப் போய் நின்று கீழே பார்ப்பேன்.

கீழே சாலையைக் கடக்கும் சிக்னல். எங்கள் வட்டாரத்தில் கண் தெரியாதவர்கள் அதிகம் நடமாடுவதால் அந்த சிக்னல் சத்தம் போடும். சிவப்பு எரியும்போது மெதுவாக டிக், டிக் என்று அடிக்கும், கடக்கலாம் என்றால் வேகமாக அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தச் சத்தம் மண்டையைக் குடைந்தது. அப்புறம் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது.

எங்களுடையது ஒரு ஆராய்ச்சிக் குழு. மக்கள் தங்களுக்கு வந்த செய்திகளை எங்கள் எண்ணுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைப் பிரித்து ஒரு வலையாகக் கட்டுவோம். திரையில் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக இருக்கும். யார் சொன்னது, எந்த ஊசியைப் பற்றி, என்ன கெடுதல் என்கிறார், எதை ஆதாரமாகக் காட்டுகிறார், கேட்டவர் ஏன் நம்பினார், இது எந்தச் செய்தியின் பிரதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒரே பொய் மலாயில் ஒரு வேஷமும் தமிழில் வேறு வேஷமும் போட்டுக்கொண்டு வரும். கட்டங்களில் பிரித்துப் போட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று வலை காட்டிக் கொடுத்துவிடும். எங்கே கிளம்பியது, எந்த இடத்தில் பதில் சொன்னால் நிற்கும் என்பதும் புரியும். நான் பதினைந்து வருடம் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் ஃபைல்களை அடுக்கியவள். எதற்கும் ஓர் இடம் உண்டு என்று நம்புகிற ஆள். அந்த வலை எனக்குப் பிடித்திருந்தது.

பிடிக்காத இடமும் உண்டு. 'ஏன் நம்பினார்' என்ற கட்டத்தில் நான்கே பதில்கள் இருந்தன. மதம், படிப்பின்மை, அரசாங்கத்தின் மேல் அவநம்பிக்கை, வதந்தி. இந்த நான்கில் ஒன்றை அழுத்தாமல் அடுத்த செய்திக்குப் போக முடியாது. பிள்ளைக்கு அம்மை வந்தபோது வாசலில் வேப்பிலை கட்டினேன் என்று ஒரு தாய் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அவரை மதம் என்ற கட்டத்தில் அடைத்துவிடுவார்கள். குழுத் தலைவரிடம் சண்டைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், மரியாதை தெரிந்தவர், கோபமே வராதவர். அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

"எங்கம்மா வேப்பிலையும் கட்டுவாங்க, எங்கள வரிசையா நிக்க வெச்சு ஊசியும் போட வைப்பாங்க. அவங்களுக்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டேன்.

"அக்கா, ஆளுக்கு ஒரு கட்டம் போட்டா வலையே இருக்காதுலா. நாலுல எது கிட்ட வருதோ அத போடுங்க" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். இப்போது நினைத்தால், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் உரக்கச் சண்டை போட்டிருக்கலாம்.

போன வருடம் ஒரு நாள் நான்கு நிமிடக் குரல் செய்தி ஒன்று வந்தது. ஒரு பெண் பேசினார். தன் பிள்ளைக்கு ஊசி போட்ட மூன்றாம் நாள் கை கால் வெட்டி இழுத்து, கண் மேலே சொருகி, தன் மடியிலேயே கிடந்ததை அழுதுகொண்டே சொன்னார். நடுவில் இருந்த அந்த ஐம்பது வினாடியைக் கேட்டால் கல் மனதும் கலங்கிவிடும். எனக்குக் கலங்கவில்லை, கோபம்தான் வந்தது. இப்படி அழுது அழுதுதான் ஊரையே பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஐம்பது வினாடியைச் சிவப்பில் குறித்து வைத்தேன்.

அன்று மதியம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான கூத்து. சித்தி ஒருவர் ஏதோ கஷாயத்தை அனுப்பி, இதைக் குடித்தால் எந்த ஊசியும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் கணினியில் இருப்பதை வெளியே அனுப்பமாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். நான் கோப்பை அனுப்பவில்லை. கணினியில் அந்தச் சிவப்புப் பகுதியை மட்டும் ஓடவிட்டு, என் போனின் மைக்கை அதன் பக்கத்தில் பிடித்து, குழுவில் குரல் செய்தியாகப் போட்டேன். அதன் கீழே, "ஜனங்கள எப்படியெல்லாம் ஏமாத்துறாங்க பாருங்க, நம்பாதீங்க" என்று எழுதினேன். விதியை மீறவில்லை என்று எனக்கு நானே காதில் பூ சுற்றிக்கொண்டு, சாப்பிடப் போய்விட்டேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண்ணின் குரல் மறுபடி எங்களுக்கு வர ஆரம்பித்தது. சாலாக் செலாத்தானிலிருந்து ஒன்று, கிள்ளானிலிருந்து இரண்டு மூன்று, பிறகு எங்கெங்கிருந்தோ. நான்கு நிமிடம் இல்லை. ஐம்பது வினாடிதான். எனக்கு ரத்தம் கொதித்தது. பிரதி என்ற கட்டத்தில் அதற்குக் 'குட்டை வடிவம்' என்று பெயர் வைத்து, 'வெட்டியது யார்' என்ற கட்டத்தில் குறிப்பும் எழுதினேன்: 'விவரம் தெரிந்த யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார். அழுகையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டார். பரப்பும் நோக்கம் தெளிவாகத் தெரிகிறது.' வாராந்தரக் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டி, இவனை மட்டும் கண்டுபிடித்தால் நான் என்ன செய்வேன் என்றே தெரியாது என்று மேஜையைத் தட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

என் தங்கை காப்பாரில் இருக்கிறாள். மூத்தவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு அப்போது பத்து மாதம் முடிந்திருந்தது. ஒன்பதாம் மாதம் போடவேண்டிய தட்டம்மை ஊசியைப் போடவில்லை. பிள்ளைக்குச் சளி என்றாள், காடி பழுது, வண்டி ஓடாது என்றாள், அடுத்த வாரம் என்றாள். நானும் போனில் கத்திப் பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பேச்சுவாக்கில் சொன்னாள், அவர்கள் வரிசையில் நான்காவது வீட்டுக் குழந்தையைத் தட்டம்மை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், மூச்சுவிடக் கஷ்டப்படுகிறதாம். அந்தக் குழந்தையின் அக்காள் இரண்டு நாள் முன்னால்தான் இவள் வீட்டு வாசலில் விளையாடிவிட்டுப் போயிருக்கிறாள். நான் போனை வைத்துவிட்டு நேரே காப்பாருக்குக் கிளம்பினேன்.

போனதும் ஆரம்பித்துவிட்டேன். செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஊர்ப் பொய்யெல்லாம் கேட்டு அடுக்கிக்கொண்டு இருக்கிறேன், என் கூடப் பிறந்தவளே இப்படி இருந்தால் நான் வெளியில் முகம் காட்ட வேண்டாமா என்று கேட்டேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்தவனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். சின்னவள் என்னைப் பார்த்து, இரண்டே பல் தெரிய, ஒரு சிரிப்புச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

கடைசியில் தங்கை கையைக் கழுவி, போனை எடுத்து, ஒன்றை அழுத்தி மேஜையில் வைத்தாள். அதே பெண். அதே அழுகை. கை கால் வெட்டி இழுத்து, கண் மேலே சொருகி.

"இதத்தான் சொல்றேன். எவனோ ஒரு அயோக்கியன் வெட்டி…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

காப்பாரில் அந்த மதிய நேரம் ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்திருந்தது. அந்த அமைதியில், அழுகிற குரலுக்குப் பின்னால், மெதுவாக, டிக், டிக், டிக் என்று கேட்டது.

மறுபடியும் போடச் சொன்னேன். டிக், டிக். இருபதாவது வினாடியில் வேகமாக அடித்தது, பிறகு மறுபடி மெதுவாக. இதே குட்டை வடிவத்தை ஆபீஸில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அங்கே அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது என்றே என் காது எடுத்துக்கொண்டது. காப்பாரில் அப்படி ஒரு சிக்னலே கிடையாது. குடும்பக் குழுவுக்காகக் கணினியின் பக்கத்தில் நான் போனைப் பிடித்த அந்த மதியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் தேடிக்கொண்டிருந்த அயோக்கியன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இத யாரு உனக்கு அனுப்புனா?" என்றேன். தங்கை எங்கள் குடும்பக் குழுவில் இல்லை. சித்தியோடு சண்டை போட்டு விலகி இரண்டு வருடம் ஆகிறது.

"சித்தி மருமக. இங்க தாய்மாருங்க குரூப்ல போட்டுச்சு. ஆராய்ச்சி ஆபீஸ்ல இருக்குற நம்ம அக்கா அனுப்புனதுன்னு எழுதியிருந்துச்சு."

"கீழ நான் நம்பாதீங்கன்னு எழுதியிருந்தேனே!"

"அதெல்லாம் வரல. இது மட்டுந்தான் வந்துச்சு."

குரல் போகும், அதன் கீழே எழுதியது போகாது. இது எனக்குத் தெரியாதா? தினமும் நான் பார்க்கிற சங்கதி இது. என்மேல் எனக்கு வந்த எரிச்சலை அவள் மேல் காட்டினேன். "நான்தான் போன்ல ஊசி போடு போடுன்னு கத்துறேனே. அப்பவாவது கேட்டிருக்கலாம்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ வாயால சொல்றது ஆபீஸ்ல சொல்லச் சொன்னதுன்னு நெனச்சேன்கா. இது நீ வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் ரகசியமா அனுப்புன உண்மைன்னு நெனச்சேன். வேலைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதான் உங்கிட்ட கேக்கல."

இத்தனை நாள் என் வேலையைக் காப்பாற்றுவதற்காக அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

பிறகு அவளே மூத்தவனைக் காட்டிச் சொன்னாள். "இவனுக்கும் அப்படித்தான ஆச்சு. ஒன்றரை வயசு ஊசி போட்ட அன்னிக்கு சாயந்தரமே காய்ச்சல், ஃபிட்ஸ். அதே மாதிரி கண்ணு மேல போயிருச்சு. செத்துட்டான்னே நெனச்சேன். ஆஸ்பத்திரில ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் க்ளினிக்ல ஊசி போட்ட மிஸ்ஸிகிட்ட கேட்டேன். காய்ச்சல் மருந்து ஏன் குடுக்கல, நீயெல்லாம் ஒரு தாயான்னு எல்லாரு முன்னாடியும் ஏசுனாங்க. ஏன் ஆச்சுன்னு யாருமே சொல்லல. இந்தப் பொம்பள பேசுனதக் கேட்டதும், எனக்கு நடந்தது இன்னொருத்திக்கும் நடந்திருக்குன்னு தோணுச்சு."

மூத்தவனுக்கு ஃபிட்ஸ் வந்தது எனக்குத் தெரியும். அப்போது, "இப்ப நல்லா இருக்கான்ல?" என்று போனில் கேட்டு, ஆமாம் என்றதும் வைத்துவிட்டேன். ஊர்பேர் தெரியாதவர்களிடம் ஏன் நம்பினீர்கள் என்று கேட்டுக் கேட்டுக் கட்டம் நிரப்புகிறவள், சொந்தத் தங்கையிடம் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதமா, படிப்பின்மையா, அவநம்பிக்கையா, வதந்தியா? அவளை எந்தக் கட்டத்தில் போடுவது?

மறுநாள் காலை இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறொரு க்ளினிக்குக்குப் போனோம். போகும்போதே சொல்லிவிட்டாள், "நீ வாயத் தொறக்கக் கூடாது." நான் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கிருந்த மலாய் டாக்டரம்மாவிடம் தங்கை மூத்தவன் கதையை முதலிலிருந்து சொன்னாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார். ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரலாம், சில சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது ஃபிட்ஸ் வரும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அநேகமாகப் பிள்ளைக்கு அதனால் பின்னால் கெடுதல் இருக்காது. தட்டம்மையே வந்தால் காய்ச்சலும் ஆபத்தும் அதைவிடப் பெரிது. இந்த ஊசிக்குக் காய்ச்சல் ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட வரலாம், வந்தால் இதைச் செய், ஃபிட்ஸ் வந்தால் இப்படிப் பக்கவாட்டில் படுக்கவை, உடனே கூட்டி வா. மூத்தவனுக்கு வந்தது உன் தப்பு இல்லை.

கடைசி வார்த்தையைக் கேட்டதும் தங்கை அழுதுவிட்டாள். இரண்டரை வருடத்து அழுகை. ஊசி போடும்போது பிள்ளையும் அழுதது, பிறகு டாக்டரம்மாவின் கழுத்தில் தொங்கிய குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுகையை மறந்தது.

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள். "வராதுன்னு அவங்க சொல்லல பாத்தியா. வந்தா என்ன செய்யணும்னு சொன்னாங்க. அது போதும்கா எனக்கு."

அடுத்த இரண்டு வாரமும் நான் நாளுக்கு மூன்று தடவை போன் செய்தேன். ஒன்பதாம் நாள் லேசாகக் காய்ச்சல் வந்து போனது. வேறொன்றும் வரவில்லை. நான்காவது வீட்டுக் குழந்தையும் இளைத்துப்போய் வீடு வந்து சேர்ந்தது.

அதற்கு நடுவே ஆபீஸில் அந்த நான்கு நிமிடத்தை மறுபடி எடுத்து, இந்தத் தடவை முழுவதுமாகக் கேட்டேன். நான் வெட்டிய இடத்துக்கு முன்னால் அந்தப் பெண் சொல்லியிருந்தார், பிள்ளைக்கு ஊசிக்கு முன்பே காய்ச்சல் இருந்தது என்று. பின்னால் சொல்லியிருந்தார்: "ஊசினால இல்லன்னு டாக்டர் சொன்னாரு. வேற எதனாலன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்." அந்த அம்மா பொய்யே சொல்லவில்லை. கேள்வி கேட்டிருக்கிறார். அதைப் பொய்யாக்கிக் கொடுத்தவள் நான். அதுவும், பொய்யை ஒழிக்கிறேன் பேர்வழி என்று.

குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக அவர் முகம் சிவந்ததைப் பார்த்தேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். வாங்கிய கையோடு சண்டையும் போட்டேன். "நாலு கட்டத்துல ஒண்ண அழுத்தாம நகர முடியாதுன்னு வெச்சிருக்கீங்களே, இந்த அம்மா கேள்விதான கேக்குறாங்க? பதில் கிடைக்காத கேள்விக்கு நம்மகிட்ட கட்டமே இல்ல. கேக்குறவங்கள எல்லாம் பொய் சொல்றவங்க வரிசையில நிக்க வெச்சிருக்கோம்." அவர் 'கேள்வி' என்று ஒரு கட்டமும், 'இதற்கு முன் இவருக்கு என்ன நடந்தது, யார் பதில் சொன்னார்' என்று ஒரு கட்டமும் சேர்த்தார். பழைய செய்திகளை மறுபடி கேட்டுப் பிரித்தோம். கேள்விக் கட்டத்துக்கு எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. பூண்டு பெரியவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

அந்த மாதக் கடைசியில் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு செய்தி. ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண் அனுப்பியிருந்தார். ஐம்பது வினாடி. பின்னால் டிக், டிக். கீழே எழுதியிருந்தார், "இது ஆராய்ச்சி ஆபீஸ்ல இருந்தே வந்ததாமே, உண்மையாக்கா? என் மகனுக்கு அடுத்த வாரம் ஊசி." அவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினேன். அதாவது, அவர் பேசினார், நான் கேட்டேன், பிறகு பதில் சொன்னேன். போனை வைத்த பிறகு, 'வெட்டியது யார்' என்ற கட்டத்தில் எழுதியிருந்த 'விவரம் தெரிந்த யாரோ' என்பதை அழித்துவிட்டு 'நான்' என்று அடித்தேன்.

அன்று மதியமே கீழே இறங்கி, அந்த சிக்னல் பக்கத்தில் நின்று ஒரு குரல் செய்தி பேசினேன். இந்த டிக் டிக் சத்தத்தோடு உங்களுக்கு ஓர் அழுகை வந்திருந்தால் அதை வெட்டி அனுப்பியது நான்தான், அந்த அம்மா முழுதாகச் சொன்னது இது, டாக்டர் சொன்னது இது, பயமாக இருந்தால் போய்க் கேளுங்கள் என்று இரண்டு நிமிடம். தங்கை அதைக் காப்பார் குழுவில் போட்டாள். சித்தியின் மருமகளையும் போட வைத்தாள். தெலுக் பங்லிமா காராங் பெண்ணும் யார் யாருக்கோ அனுப்பியதாகச் சொன்னார்.

அந்த ஐம்பது வினாடி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. போன வாரம்கூட ஒன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் 'நான்' என்ற கட்டத்திலிருந்து புதிதாக ஓர் அம்புக்குறி இழுக்கிறேன். நான் பேசிய இரண்டு நிமிடம் மட்டும், யார் கையிலிருந்தும், எந்த ஊரிலிருந்தும், இதுவரை ஒரு தடவைகூட எங்கள் எண்ணுக்கு வந்து சேரவில்லை.